சோற்றுக்கு முந்தின சுருட்டு

புத்தூர்ப் பஞ்சலிங்கத்தாருக்கு வயிற்றுப்புண் என்றுதான் ஊரில் பாதிப்பேர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? அவருடைய சுருட்டு சுற்றுகிற கொட்டிலில் புதுச் சுருட்டு ருசி பார்க்கிற நாளென்றால், மனிதர் முதல்நாளிலிருந்தே மிளகாயைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். பாற்கஞ்சி, இல்லாவிட்டால் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்ட வெள்ளைக்கறி, அவ்வளவுதான். புகையிலைத் தோட்டத்துக்கு வேலி தாண்டினால் மிளகாய்த் தோட்டம் என்று கிடக்கிற ஊரில் ஓர் ஆம்பிளை வெள்ளைக்கறி தின்றால் அயலட்டம் சும்மா இருக்குமா? ஒருவர் வயிற்றுப்புண் என்றார். இன்னொருவர் கோயில் நேர்த்தி என்றார். மூன்றாவது ஆள், பெண்சாதிக்குச் சமைக்கத் தெரியாது என்றார். அந்த மூன்றாவது ஆளின் வாயைக் கோணியூசியால் தைத்தாலும் பாவமில்லை. பராசக்தியின் கையால் ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு தின்றிருந்தால் அப்படிச் சொல்ல நா எழும்பியிருக்காது.

விஷயம் வேறு. அதை ஒழுங்காகச் சொல்லவேண்டுமென்றால் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

பஞ்சலிங்கம் அப்போது நாற்பதைத் தொடாத ஆள். மீசை முளைக்கிற வயதில் அடுத்த ஊரில் ஒரு பெரிய முதலாளியின் கொட்டிலில் பாயில் இருந்து சுருட்டத் தொடங்கியவர். கை நல்ல கை. இலையின் நடு நரம்பை வார்ந்து, உள்ளிலையை அடுக்கி, மேலிலையை விரித்து அவர் உருட்டினால், சுருட்டு எங்கேயும் புடைக்காது, எங்கேயும் தொய்யாது. இருந்தென்ன? சுருட்டுகிறவன் கை எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு முதலாளியின் பெயர்தான் வளரும். அந்த முதலாளி நல்ல சுருட்டைப் பார்த்தால் "என்ரை சுருட்டு" என்பார். கெட்டதைப் பார்த்தால் "உன்ரை சுருட்டு" என்பார். இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் பஞ்சலிங்கம் ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். தகப்பன் விட்டுப்போன காணியின் பின்பக்கத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டார். முருகேசு என்கிற கைதேர்ந்த சுருட்டுக்காரனும் இன்னும் சிலரும் அவரை நம்பிக் கூட வந்தார்கள்.

நம்பி வந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கிடைத்த லாபம் பராசக்தியின் சமையல். அவள் மானிப்பாய்ப் பெண். மிளகாயை நிறம் மாற வறுத்து, மல்லியும் சீரகமும் சோம்பும் சேர்த்து அவள் இடிக்கிற தூளின் வாசம் ஒழுங்கை முகப்பில் நிற்பவனைத் தும்மவைக்கும். மத்தியானமானால் கொட்டிலுக்குச் சட்டியோடு குழம்பு வரும். அதுவரை வேலை அலுக்காமல் இருக்க நடுவில் இருந்து எல்லாருக்கும் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றுவார். சுருட்டுகிறவர்கள் பலகையை மடியிலிருந்து இறக்குவார்கள். எல்லாரும் வேர்க்க வேர்க்கத் தின்பார்கள். தின்று, கை கழுவி, மாமர நிழலில் காலை நீட்டியபிறகுதான் புதிதாகக் கலந்த சுருட்டைப் பற்றவைத்து இழுத்துப் பார்ப்பது, குறைநிறை சொல்வது. எல்லாக் கொட்டிலிலும் அதுதான் வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு பற்றாத சுருட்டும் ஒரு சுருட்டா என்று கேட்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் சோமசேகரம் வந்தார். தெற்கே மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருப்பவர். பஞ்சலிங்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மானிப்பாயில் பெண்ணெடுத்து, மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வருடத்தில் இரண்டு தரம் ரயில் கோச்சியேறி வந்து போகிறவர். பேச்சில் தேன் வடியும்; சாமானில் குறை கண்டால் அதே வாயால் வெட்டிப்போடுவார்.

"தம்பி, எங்கடை ஆக்கள் ரண்டு விதமாத்தான் சுருட்டுவினம்," என்றார். "ஒண்டு, கடலுக்குப் போறவன் பத்துற காரச் சுருட்டு. மற்றது, வைக்கலைக் கொளுத்தின மாதிரி ஒரு சப்பைச் சாமான். எனக்கு ரண்டுக்கும் நடுவிலை ஒண்டு வேணும்."

"நடுவிலை எண்டா எப்பிடியண்ணை?"

"கடைக்கு ஒரு பிறக்கிராசி வாறவர், கோட்டிலை வழக்குப் பாக்கிறவர், ஒரு போஸ்ட்மாஸ்டர், அரசாங்கக் கச்சேரியிலை இருந்து பெரிய கிளாக்கர்மார். பின்னேரம் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, விறாந்தையிலை கதிரையைப் போட்டுக்கொண்டு ஆறுதலாப் பத்துற ஆக்கள். நெஞ்சிலை அடிக்கப்படாது. ஆனா பத்தினது சுருட்டெண்டு வாய்க்குத் தெரியவேணும். சாமான் திறமெண்டா விலையைப் பற்றி அவை மூச்சும் விடமாட்டினம். சரியா வந்துதெண்டா வருசம் முழுக்க உம்மிட்டைத்தான் எடுப்பன்."

பஞ்சலிங்கத்துக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் படவில்லை. உள்ளூர்க் கடைகள் எல்லாம் பெரிய முதலாளிமாரின் கைக்குள். கொட்டில் நிமிர்ந்து நிற்கவேண்டுமென்றால் தெற்கே ஒரு கதவு திறக்கவேண்டும். அந்தக் கதவே நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. புகையிலைச் செடியில் நுனியிலைக்குக் காரம் அதிகம், அடியிலைக்குக் குறைவு. அவர் நுனியிலையைக் கொஞ்சமாக எடுத்து, செடியின் நடுவில் விளைந்த இலையைக் கூட்டி, பனம்பாணியைத் தண்ணீரில் கரைத்து லேசாகத் தெளித்து, பதம் வந்தபிறகு தானே இருந்து சுருட்டினார். மத்தியானம், குழம்பும் சோறும் முடிந்தபிறகு எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்.

முருகேசு இரண்டு இழுவை இழுத்துவிட்டுச் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, நெருப்பு நூந்துபோச்சோ?"

"இல்லையடா. எரியுது."

"அப்ப உந்தச் சுருட்டைத் தொட்டிலிலை கிடக்கிற பிள்ளைக்கும் குடுக்கலாம்," என்றான்.

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பஞ்சலிங்கத்தின் வாய்க்கும் அப்படித்தான் பட்டது. சரியென்று நுனியிலையைக் கூட்டினார். மறுநாள் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டினார். கடைசியில் எல்லாரும் தலையாட்டிய கலவையைக் கட்டி மாத்தறைக்கு அனுப்பினார். போன சாமான் போன வேகத்தில் திரும்பியது. கொண்டுவந்த ஆள் சொன்னான், பிறக்கிராசி ஐயா பாதி பற்றுமுன்னமே இருமத் தொடங்கி, கதிரையை விட்டெழும்பி, சுருட்டை முற்றத்தில் எறிந்துவிட்டாராம். பஞ்சலிங்கம் திரும்பக் கலந்தார், மறுபடியும் கொட்டிலில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தார்கள், பால் மாதிரி இருக்கிறதென்றார்கள். அதுவும் திரும்பியது. இந்தத் தரம் சோமசேகரம் சொல்லி அனுப்பிய செய்தியில் தேன் ஒரு சொட்டும் இல்லை. நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ஊருக்கு வருவாராம். கொடியேறின கையோடு நேரே புத்தூருக்கு வந்து, தானே இருந்து பற்றிப் பார்ப்பாராம். சரியில்லையென்றால் கோபிக்கக்கூடாதாம், வேறு கொட்டில் பார்க்க வேண்டியதுதானாம்.

கதை எப்படியோ அடுத்த ஊருக்கும் போய்விட்டது. பழைய முதலாளி சந்தையில் பஞ்சலிங்கத்தைக் கண்டு, "தம்பி, உன்ரை பாய் விரிச்சபடிதான் கிடக்கு," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து பஞ்சலிங்கத்துக்குக் கவலை பிடித்தது. கவலையில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய் சொல்லக்கூடாது. கவலை வந்தால் அந்த மனிதருக்குப் பசி கூடும். குழம்பை இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று வாங்கித் தின்றுவிட்டு, சுருட்டைப் பற்றிக்கொண்டு, எங்கே பிழைத்தது என்று யோசிப்பார். யோசித்து என்ன பயன்? பிழை நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருந்து, தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்கிற நாள். பஞ்சலிங்கம் முதல்நாள் மத்தியானச் சோற்றோடு வாயைக் கட்டினார். இரவு கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும்தான். விடியமுன்னம் அயலவர்களோடு வண்டியேறி, கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகினார். ஐயரிடம் எள்ளும் தண்ணீரும் இறைத்து, நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, மற்றவர்கள் வரும்வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தார். மடியில் சுருட்டு இருந்தது. அவருக்குச் சுருட்டு இல்லாமல் வெளியே போய்ப் பழக்கமில்லை.

விரத நாளிலை சுருட்டுப் பத்தலாமோ என்று நீங்கள் கேட்பீர்கள். பத்தப்படாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் கொடியேற்றம் கண்ணுக்கு முன்னே நிற்கிறது, மடியில் இருப்பது மாத்தறையிலிருந்து திரும்பி வந்த சுருட்டு, தகப்பன் உயிரோடு இருந்தால் தானே ஒன்றைப் பறித்துப் பற்றிப் பார்த்துவிட்டு நாலு ஏச்சு ஏசியிருப்பார். மனிதர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு கிழவரிடம் நெருப்பு வாங்கிப் பற்றினார்.

முதல் இழுவையே தொண்டையில் அறைந்தது. இரண்டாவதில் நாக்கின் இரு கரையும் எரிந்தது. மூன்றாவதில் இருமல் கிளம்பி, கண்ணில் தண்ணீர் வந்து, சுருட்டைக் கையில் பிடித்தபடி கல்லில் குனிந்துவிட்டார். நெருப்புக் கொடுத்த கிழவர் முதுகைத் தடவினார்.

"ஆரடா தம்பி உந்தச் சுருட்டைச் சுத்தினவன்? ஆளைக் கொல்லுற சாமானாக் கிடக்கு."

பஞ்சலிங்கம் கையில் இருந்த சுருட்டைப் பார்த்தார். மாத்தறைக்குப் போகமுன் கொட்டிலில் பால் மாதிரி என்று எல்லாரும் சொன்ன சுருட்டு இது. அதே கட்டு, அதே இலை. மாறினது என்ன? அவர் எச்சிலை விழுங்கிப் பார்த்தார். வாயில் ஒன்றுமே இல்லை. குழம்பில்லை, ஊறுகாயில்லை, பச்சைமிளகாயில்லை. பிறக்கிராசி பற்றுகிறபோது அவர் வாயிலும் ஒன்றும் இருக்காது. இனிப்புப் போட்ட தேத்தண்ணீர் மட்டும்தான். கொட்டிலில் எல்லாரும் நாக்கை நெருப்பில் வாட்டிப்போட்டு, வாட்டின நாக்கால் காரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். மனிதருக்கு முழுகின உடம்பு மறுபடி வேர்த்தது. வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவருடைய முகம்.

வீட்டுக்கு வந்தபோது தகப்பனுக்குப் படைக்க இலை போட்டுப் பராசக்தி காத்துக்கொண்டிருந்தாள். சோறு, காத்தோட்டிக்காய்ப் பொரியல், பருப்பு, வாழைக்காய், நடுவில் அவளுடைய கத்தரிக்காய்க் குழம்பு. படைத்துக் கும்பிட்டு முடிந்து அவருக்குப் பரிமாற வந்தவளைக் கையால் மறித்தார்.

"எனக்குக் குழம்பு வேண்டாம். கொடியேறும் மட்டும் வெள்ளைக்கறிதான்."

கரண்டி அப்படியே நின்றது. "என்ன, உறைக்குதோ?"

"அதில்லை, பராசக்தி."

"பதினைஞ்சு வருசமா உறைக்கேல்லை. இப்பதான் உறைக்குதாக்கும். ஆரும் நல்லாச் சமைக்கிறவளைக் கீரிமலையிலை கண்டனீங்களோ?"

பஞ்சலிங்கம் கல்லில் இருமினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டுக் குழம்புச் சட்டியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். வைத்த சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. அவளுக்குக் கோபமில்லை, மனவருத்தம். அவருடைய தொழில் பிழைத்ததற்குக் காரணம் தன் கைக்குழம்பு என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? இருந்தாலும் அடுத்த நாள் காலையில் அவருக்குப் பாற்கஞ்சியும், கொட்டிலுக்கு வழக்கம்போல் குழம்பும் என்று இரண்டு உலை வைத்தாள்.

இனித்தான் பஞ்சலிங்கம் உண்மையாகச் சுருட்டுப் பற்றத் தொடங்கினார் என்று சொல்லவேண்டும். காலையில் வாயைக் கொப்பளித்து, ஒரு மிடறு இனிப்புத் தேத்தண்ணீர் குடிப்பார். சுருட்டை முதலில் நெருப்பில்லாமல் வாயில் வைத்து இழுப்பார். பச்சைக் காற்றில் இலையின் இனிப்பு தெரியும். பிறகு நுனியை நெருப்பில் முட்டாமல், கிட்டப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிச் சுடவைத்துப் பற்றுவார். புகையை விழுங்காமல் கன்னத்துக்குள் உருட்டி, மூக்கால் கொஞ்சமாக விடுவார். தொடக்கத்தில் காய்ந்த வைக்கோலும் வறுத்த எள்ளும். கால்வாசி போனபிறகு பனங்கட்டி வாசம் அடியிலிருந்து எழும்பும். பாதிக்கு மேலே காரம் வரும், வந்து நாக்கின் நடுவில் இருக்கும், தொண்டைக்கு ஏறாது. அந்தக் காரம் ஏறவும்கூடாது, இறங்கவும்கூடாது, அதுதான் நடுச்சுருட்டு. ஏறினால் நுனியிலையில் ஒரு கீலத்தைக் குறைத்தார், இறங்கினால் திரும்ப வைத்தார். சாம்பல் வெள்ளையாகி, தட்டாமலே விரலளவுக்கு நின்றது. இத்தனை வருடம் ஆயிரக்கணக்கில் சுருட்டியும் இந்த ருசியெல்லாம் தன் கைக்குள்ளே இருந்ததை அறியாமல் போய்விட்டோமே என்று ஒரு காலையில் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

காரணம் தெரியாத முருகேசு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அதை வாங்கிப் பற்றி, "அண்ணை, பழைய சப்பைக்குத் திரும்பிப்போட்டியள். மாத்தறையாருக்கும் உங்களுக்கும் இதோடை சரி," என்றான்.

அதுதான் பஞ்சலிங்கத்தை யோசிக்கவைத்தது. சோமசேகரமும் இந்த ஊர் நாக்கோடு பிறந்தவர். கொடியேறின கையோடு மத்தியானம் வருகிறார். வந்த விருந்தாளியை முதலில் சோற்றுக்கு இருத்தவேண்டும். பராசக்தியின் குழம்பில் தின்றுவிட்டு இந்தச் சுருட்டைப் பற்றினால் அவரும் முருகேசு சொன்னதைத்தான் சொல்வார். சோற்றுக்கு முன்னமே சுருட்டை நீட்டலாமா? பசியோடு வந்த மனிதனை, இருங்கோ, முதலில் என் சாமானைப் பாருங்கோ என்று சொல்ல யாழ்ப்பாணத்தில் எவனுக்கு வாய் வரும்? அதைவிடச் சாமானை வண்டியில் ஏற்றிக் குப்பையில் கொட்டலாம். தேத்தண்ணீரைக் கொடுத்து, கதையோடு கதையாகச் சுருட்டை எடுத்து நீட்டிப் பார்ப்போம் என்று ஒரு யோசனையோடுதான் அன்றைக்கு வாசலில் நின்றார்.

சோமசேகரம் ஒற்றைமாட்டு வண்டியில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி, சால்வை வேர்வையில் நனைந்து கிடந்தது.

"தேத்தண்ணி குடியுங்கோவன் அண்ணை," என்றார் பஞ்சலிங்கம்.

"தேத்தண்ணியோ? தம்பி, விடியப்புறம் கோயிலுக்குப் போனனான், இன்னும் வாயிலை தண்ணி படேல்லை. தங்கச்சி, முதல் சோத்தைப் போடுங்கோ. உங்கடை சமையலைப் பற்றி என்ரை மனிசி மானிப்பாயிலை புகழாத நாளில்லை."

முடிந்தது என்று நினைத்தார் பஞ்சலிங்கம். அடுப்படியிலிருந்து குழம்பு தாளித்த வாசம் வந்து மூக்கில் ஏறியது. பழைய முதலாளியின் பாய் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. அவர் போய்ச் சோமசேகரத்துக்கு எதிரே இருந்தார்.

பராசக்தி இலை போட்டாள். சோறு வைத்தாள். பிறகு கொண்டுவந்து வைத்தது பூசணிக்காய்ப் பாற்கறி. அதற்குப் பக்கத்தில் பருப்பு, கீரை, மஞ்சள் நிறத்தில் ஒரு சொதி, தயிர். இலையில் சிவப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் போடுகிற சாப்பாடு. பஞ்சலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், "சாப்பிடுங்கோ அண்ணை," என்று விருந்தாளிக்குச் சொன்னாள்.

சோமசேகரம் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண் ஒருக்கால் இலையைச் சுற்றி வந்தது; ஊறுகாய், மோர்மிளகாய் ஏதாவது அகப்படுமா என்று தேடியிருக்கவேண்டும். நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. பசிக்குத் தின்று முடித்துக் கை கழுவினார்.

பஞ்சலிங்கம் சுருட்டை நீட்டினார். சோமசேகரம் அதைக் காதுக்குக் கிட்டப் பிடித்து விரலால் உருட்டிக் கேட்டார், முகர்ந்தார், பற்றினார். புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டு சாய்ந்தார். பாதிக்கு வந்தபோது ஒருமுறை சுருட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வாயில் வைத்தார். சுடுகிற அளவுக்குக் கட்டையாகும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, இதுதான்," என்றார். "இத்தினை வருசமா நான் தேடின சாமான் இதுதான். பனங்கட்டி வாசம் எங்கையோ அடியிலை நிக்குது. கார்த்திகை தொடங்கமுன்னம் சாமான் வண்டில் ஏறவேணும். பிறகு நிப்பாட்டப்படாது."

கொட்டில் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆளையாள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். சோமசேகரம் சால்வையை உதறித் தோளில் போட்டு எழும்பினார். வண்டிக்குப் போகமுன் அடுப்படி வாசலில் நின்றார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஏலாமல் கிடக்கோ?"

பராசக்தி ஒரு கணம்தான் யோசித்தாள். "ஓம் அண்ணை. ரண்டு நாளாக் காய்ச்சல். கை நிதானமில்லை."

"அதுதானே பாத்தன். மனிசி சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. பறவாயில்லை, உடம்பைப் பாருங்கோ," என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி ஒழுங்கையால் திரும்பியது. பஞ்சலிங்கத்துக்கு இப்போது துள்ளிக் குதிக்கவேண்டிய நேரம். துள்ளவில்லை. அந்த வண்டி நேரே மானிப்பாய்க்குப் போகும். பராசக்தி பிறந்த ஊரில், அவளுடைய சகோதரிமார் தண்ணீரள்ளுகிற கிணற்றடியில், புத்தூருக்குப் போனவள் இப்போது விருந்தாளிக்கு நோயாளிச் சாப்பாடு போடுகிறாள் என்று கதை போகும். காய்ச்சல் என்ற சொல் இரண்டு நாளில் உதிர்ந்துபோகும். சாப்பாட்டுக் கதை நிற்கும். அவர் அடுப்படிக்குள் போனார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"வேறை என்ன சொல்லுறது? விடுங்கோ. ஒரு நாள் சோறுதானே," என்றாள் பராசக்தி. சொல்லிவிட்டு அம்மியைக் கழுவத் தொடங்கினாள். கழுவின அம்மியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நாற்பதை எட்டப்போகிற மனிதர், கொட்டில் முதலாளி, சந்திவரைக்கும் ஒற்றைமாட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார். அவருக்கு விசர் பிடித்துவிட்டதென்றே முருகேசுவுக்குப் பட்டது.

வண்டியைப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். கீரிமலைக் கல்லில் இருமியது, கொட்டிலில் எல்லாரும் உறைத்த வாயோடு ருசி பார்த்துப் பிழைத்தது, பராசக்தி ஏன் வெள்ளைக்கறி போட்டாள் என்பது, எல்லாம்.

சோமசேகரத்தின் முகம் கறுத்தது. "அப்ப என்னை ஏமாத்தித்தான் சாமானைத் தலையிலை கட்டினனீரோ?"

"இல்லையண்ணை. பிறக்கிராசியின்ரை நாக்கை அவ உங்களுக்கு ஒரு மத்தியானத்துக்கு இரவல் தந்தவ. நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம். சாமானை நான் வேறை ஆருக்கும் வித்துக்கொள்ளுவன், விக்காட்டிப் பழைய முதலாளியின்ரை பாயிலை போய் இருப்பன். ஆனா அவவுக்குச் சமைக்கத் தெரியாதெண்டு மானிப்பாயிலை ஒரு கதை போகப்படாது. அதை என்னாலை தாங்கேலாது."

மாடு தலையை ஆட்டியது. சோமசேகரம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"குழம்பு மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

வண்டி திரும்பி வந்தது. சோமசேகரம் பழைய இடத்திலேயே போய் இருந்து, "தங்கச்சி, கொட்டிலுக்கு வைச்சதிலை கொஞ்சம் போடுங்கோ," என்றார். பராசக்தி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏச்சும் இருந்தது, அழுகையும் இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்தாள். மனிதர் இரண்டாந் தரம் தின்றார். நெற்றி வேர்த்தது, மூக்கு ஓடியது, சொல்லிச் சொல்லிப் போடுவித்துத் தின்றார். கை கழுவியதும், "இப்ப அந்தச் சுருட்டிலை இன்னொண்டு தாரும்," என்றார்.

பற்றினார். ஓரிழுவை. இன்னோரிழுவை. நெருப்பு எரிகிறதா என்று நுனியைத் திருப்பிப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வைக்கல்," என்றார் மெதுவாக. "தம்பி, தனி வைக்கல். உந்தக் குழம்புக்குப் பிறகு இதைத் தந்திருந்தீரெண்டா அப்பவே உம்மைக் கைகழுவிப்போட்டுப் போயிருப்பன்." சுருட்டைக் கீழே வைத்தார். "நானும் இருபது வருசமா வயிறு நிறைய உறைப்பைத் திண்டுபோட்டல்லோ கொட்டில் கொட்டிலாச் சாமான் பாத்து வாங்கினனான். எத்தினை நல்ல சுருட்டை வேண்டாமெண்டு விட்டனோ, ஆருக்குத் தெரியும்."

பிறகு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "சொன்னது சொன்னதுதான், கார்த்திகைக்கு வண்டில் ஏறவேணும். தங்கச்சி, இப்ப நான் மானிப்பாயிலை போய் என்னெண்டு சொல்ல?"

பராசக்தி முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"குழம்பைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை, காணும். சுருட்டுக் கதையை மட்டும் வெளியிலை விடாதையுங்கோ. மற்றக் கொட்டில்காரருக்கும் நாக்கு இருக்கு."

சோமசேகரம் வண்டிக்காரனுக்குக் கேட்கிற அளவுக்குச் சிரித்தார். பஞ்சலிங்கம் ஓர் இலையை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். சட்டியின் அடியில் கிடந்ததை வழித்துக் கணவனுடைய சோற்றில் ஊற்றினாள் பராசக்தி.